ஃப்ரீசருக்கு முந்தைய இரண்டு மணி நேரம்

திருவாமாத்தூர், விக்கிரவாண்டி, திண்டிவனம் என்று விழுப்புரம் மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும், பிள்ளைகள் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் பெரியவர்கள் இருவர் மட்டும் சமைத்துச் சாப்பிடுவதைப் பார்க்கலாம். இருவருக்கு என்று அளந்து சாம்பார் வைக்க யாருக்கும் கை வராது. நான்கு பேருக்கு வைப்பார்கள். மிஞ்சியது ஃப்ரிட்ஜின் நடுத் தட்டுக்குப் போகும். அடுத்த நாள் சூடாக்கி, மீந்ததைத் திரும்ப வைத்து, மூன்றாம் நாளும் சூடாக்குவார்கள். அதே ஃப்ரிட்ஜின் மேலறையில் ஐஸ் தட்டும் பால் பாக்கெட்டும் துருவிய தேங்காயும் இருக்கும். சமைத்த உணவுக்கு மட்டும் அங்கே இடமில்லை. உறைய வைத்துச் சாப்பிடுவது உடம்புக்கு ஆகாது, அது பழையதிலும் பழையது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அறிவியல் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. முறையாக உறைய வைத்த ஒரு மாதத்துக் குழம்பு, மூன்று நாள் ஃப்ரிட்ஜில் இருந்து தினமும் கொதித்த குழம்பைவிடப் பாதுகாப்பானது. பல சமயம் சுவையானதும் கூட. ஆனால் ‘முறையாக’ என்ற சொல்லுக்குள் நிறைய இருக்கிறது. ஆபத்து ஃப்ரீசருக்குள் நேர்வதைவிட, உணவு அங்கே போய்ச் சேருவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில்தான் அதிகம் நேர்கிறது.

உணவு கெடுவதற்குக் கடிகாரத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை. கிருமிகள் வளர வெப்பமும் வேண்டும், அவற்றுக்குக் கிடைக்கும்படியான தண்ணீரும் வேண்டும். நம் சமையலறை இந்தத் தண்ணீர்க் கணக்கை நெடுங்காலமாகப் போட்டுவருகிறது. மொட்டை மாடியில் காயும் வடகமும் வற்றலும், மரக்காணத்து உப்பில் புரண்ட கருவாடும், எண்ணெயும் உப்பும் மேலேறி நிற்கும் ஊறுகாயும் தண்ணீரைக் கிருமிக்கு எட்டாமல் செய்யும் உத்திகளே. உறைய வைப்பதும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். குழம்பு உறையும்போது தண்ணீர் மட்டும் முதலில் ஐஸாகப் பிரிந்துபோகிறது. உப்பும் புளியும் சர்க்கரையும் மிச்சமிருக்கும் கொஞ்சத் திரவத்தில் மேலும் மேலும் செறிகின்றன. உணவியலார் இதை ‘நீர்ச் செயல்பாடு’ என்ற எண்ணால் அளக்கிறார்கள். தூய நீருக்கு அது 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.9-க்குக் கீழே வளர்வதில்லை. மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் உறைந்த எந்த உணவிலும் அது 0.84 அளவில்தான் நிற்கும். கடுங்குளிரும் சேர்ந்துகொள்வதால் வளர்ச்சி முழுதாக நின்றுவிடுகிறது. ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்ல வேண்டும்: வளர்ச்சி நிற்கிறதே தவிர, கிருமிகள் எல்லாம் சாவதில்லை. ஃப்ரீசருக்குள் எதை வைத்தோமோ அதுவேதான் வெளியே வரும். கெடத் தொடங்கிய உணவை அது சரிசெய்யாது.

அதனால்தான் முந்தைய இரண்டு மணி நேரம் முக்கியமாகிறது. கொதிக்கும் குழம்பில் உயிருள்ள பாக்டீரியாக்கள் இறந்துவிடுகின்றன, ஆனால் சிலவற்றின் வித்துகள் இறப்பதில்லை. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ், இறைச்சிக் குழம்பிலும் கெட்டியான பருப்பு வகைகளிலும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்ஜன்ஸ் ஆகியவை இப்படித் தப்பிப்பவை. குண்டான் மெல்ல ஆறும்போது வித்துகள் விழித்துக்கொள்கின்றன. பெர்ஃபிரிஞ்ஜன்ஸுக்கு மிகவும் பிடித்த வெப்பநிலை 43 முதல் 45 டிகிரி. அந்த நிலையில் அது ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அப்படியே இரண்டு மணி நேரம் ஓடினால் 12 இரட்டிப்பு, அதாவது ஒன்று 4,096 ஆகும். சீரியஸின் ஒரு வகை இன்னும் தொல்லையானது. அது சோற்றில் விட்டுச்செல்லும் வாந்தி நச்சு சமையலறை வெப்பம் எதற்கும் அழியாது. ‘நன்றாகக் கொதிக்கவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்ற நம் வழக்கமான நம்பிக்கை இந்த இடத்தில் தோற்றுப்போகிறது.

அமெரிக்க உணவு விதிகள் சமைத்த உணவு 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு மேலும் நான்கு மணி நேரத்துக்குள்ளும் இறங்க வேண்டும் என்கின்றன. இதை விழுப்புரத்து மே மாதத்தில் வைத்துப் பாருங்கள். சமையலறையே 35 டிகிரியில் இருக்கும்போது, மேடையில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் குழம்பு 21-க்கு வராது. குளிர்நாட்டுச் சமையல் புத்தகங்கள் சொல்லும் ‘அறை வெப்பநிலைக்கு ஆறவிடுங்கள்’ என்பது இங்கே கிருமிக்கு வசதி செய்துகொடுப்பதாகவே முடியும். மாடித் தொட்டித் தண்ணீரும் அந்த நாட்களில் வெதுவெதுப்பாகத்தான் வரும். ஆகவே நமக்கு இரண்டு கட்டம் தேவை. முதலில் குழாய்த் தண்ணீர் ஊற்றிய அகலத் தாம்பாளத்தில் பாத்திரத்தை வைத்துக் கரண்டியால் கிளறி முதல் சூட்டைத் தணிக்க வேண்டும். பிறகு ஐஸ் தண்ணீர். கணக்கு எளிது: ஒரு கிலோ உணவை 60-லிருந்து 20 டிகிரிக்கு இறக்க சுமார் 160 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும், அரைக் கிலோ ஐஸ் உருகும்போது ஏறக்குறைய அதே அளவு வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. மேலறையில் சும்மா கிடக்கும் ஐஸ் தட்டுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

பாத்திரத்தின் வடிவமும் இதே அளவுக்கு முக்கியம். கெட்டியான வெண்பொங்கலோ குருமாவோ தானாகச் சுழலாது. நடுவிலிருக்கும் வெப்பம் ஒவ்வோர் அடுக்காகக் கடந்துதான் வெளியே வர வேண்டும். அப்படிக் கடக்கும் நேரம் தடிமனின் இருமடியாகக் கூடும். 12 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் பொங்கலை 3 சென்டிமீட்டராகத் தட்டில் பரப்பினால் தடிமன் நான்கில் ஒரு பங்கு. உள்ளிருந்து வெப்பம் வெளியேறும் நேரமோ பதினாறில் ஒரு பங்கு. மேற்பரப்பிலிருந்து காற்று வெப்பத்தை வாங்கும் வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதால் நடைமுறையில் முழுப் பதினாறு மடங்கு லாபம் கிடைக்காது. நான்கு மடங்குக்குக் குறையாமல் கிடைக்கும். தட்டையான எவர்சில்வர் டப்பாக்கள் நம் வீடுகளில் ஏராளம். உலோகம் என்பதால் பிளாஸ்டிக்கைவிட வேகமாக வெப்பத்தைக் கடத்தும், சூடான உணவாலும் அதற்குக் கேடில்லை. மூடிக்குக் கீழே ஒரு விரல் இடம் விட்டால் போதும், தண்ணீர் ஐஸாகும்போது 9 சதவீதம் போலப் பருக்கும். ஊறுகாய் பாட்டிலில் கழுத்துவரை ரசம் ஊற்றி வைத்தால் அது வெடிப்பதும் இதனால்தான்.

உறையும் வேகம் சுவையையும் தீர்மானிக்கிறது. தண்ணீரின் பெரும்பகுதி மைனஸ் 1-க்கும் மைனஸ் 5-க்கும் இடையில் ஐஸாகிறது. அந்த இடைவெளியைச் சீக்கிரம் கடந்தால் நுண்ணிய படிகங்கள் உருவாகும். மெதுவாகக் கடந்தால் பெரிய, கூரான படிகங்கள் வளர்ந்து காய்களின் செல் சுவர்களைக் கிழித்துவிடும். உருகும்போது முருங்கைக்காய் தொளதொளத்துப் போவது அந்தக் கிழிசலால்தான். கனடாவின் லாப்ரடார் பகுதியில் 1912 முதல் சில ஆண்டுகள் வாழ்ந்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, அங்குள்ள பழங்குடி இனுயிட் மக்கள் கடுங்குளிர்க் காற்றில் நொடியில் உறையவிட்ட மீன், மாதங்கள் கழித்தும் புதிதாக இருந்ததைக் கவனித்தார். குளிர்ந்த உலோகத் தகடுகளுக்கிடையே மெல்லிய பொட்டலங்களை அழுத்தி உறைய வைக்கும் அவருடைய இயந்திரம் அந்தக் கவனிப்பிலிருந்து பிறந்தது. 1930-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு கடைகளில் அந்த உணவுகள் விற்பனைக்கு வந்தன. நம் வீட்டு ஃப்ரீசருக்கு அந்த வேகம் கிடையாது. ஒரு கிலோ குழம்பை 30 டிகிரியிலிருந்து மைனஸ் 18-க்குக் கொண்டுபோக சுமார் 450 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. ஐந்து கிலோவை ஒரே மாலையில் அடுக்கினால் எல்லாமே மெதுவாக உறையும், ஏற்கெனவே உறைந்திருந்தவையும் இளகும். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கிலோ, மெல்லிய டப்பாக்களில், உறையும்வரை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் வைப்பதுதான் வீட்டுக்கு ஏற்ற வழி.

உங்கள் மேலறை மைனஸ் 18-ஐத் தொடுகிறதா என்பது அடுத்த கேள்வி. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் மின்சாரச் சிக்கனத்துக்கானவை, குளிருக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. ஃப்ரீசர் அறைக்கென்று தனி நட்சத்திரக் குறி உலகெங்கும் உண்டு: ஒன்று என்றால் மைனஸ் 6, இரண்டு மைனஸ் 12, மூன்று மைனஸ் 18. முதலாவதில் ஒரு வாரம், இரண்டாவதில் ஒரு மாதம், மூன்றாவதில் மூன்று மாதம் என்று பொதுவாகக் கொள்ளலாம். 1950-களில் கலிஃபோர்னியாவின் ஆல்பனியில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வுக்கூடம் பலவகை உறை உணவுகளை வெவ்வேறு குளிரில் வைத்து ஆண்டுக்கணக்கில் சோதித்தது. மைனஸ் 18-இல் பல மாதங்கள் நிறமும் சுவையும் மாறாதவை மைனஸ் 7-இல் சில வாரங்களிலேயே மங்கின. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் சின்னப் பெட்டி பல வீடுகளில் இந்த இடைப்பட்ட குளிரில்தான் இருக்கிறது. தெரிந்துகொள்ள ஒரு சாதாரணத் தெர்மாமீட்டர் போதும். அதுவும் இல்லையென்றால் ஐஸ்கிரீமைப் பாருங்கள்: கரண்டி இறங்காமல் கல்லாக நின்றால் நல்ல குளிர், குழைவாக இருந்தால் அந்த அறை ஒரு வாரத்துக்கு மேல் நம்பத் தகுந்ததல்ல.

எதை உறைய வைப்பது என்பதில் நம் சமையலுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. பச்சைக் காய்களில் உள்ள நொதிகள் மைனஸ் 18-லும் மெதுவாக வேலைசெய்து வாடையை மாற்றும். வெந்த உணவில் அந்த நொதிகள் முன்பே அழிந்துவிடுகின்றன. ஆகவே வெந்த குழம்பு, வேக வைக்காத கீரையைவிட நன்றாக நிற்கும். இட்லி இதற்கு அருமையான எடுத்துக்காட்டு. அரிசியின் மாவுச்சத்து வெந்ததும் தண்ணீரைக் குடித்து நெகிழ்கிறது; ஆறியதும் இழைகள் மறுபடி ஒன்றோடொன்று அடுக்கி இறுகுகின்றன. இந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது 4 டிகிரி அளவில், அதாவது ஃப்ரிட்ஜின் நடுத் தட்டில். மைனஸ் 18-இல் இழைகள் நகர முடியாமல் அது ஏறக்குறைய நின்றே போகிறது. ஒரே நாள் ஃப்ரிட்ஜில் இருந்த இட்லி வறண்டு உதிர்வதும், மூன்று வாரம் ஃப்ரீசரில் இருந்த இட்லி ஆவியில் மலர்வதும் இதன் விளைவு. ஆறிய இட்லிகளை ஒன்றை ஒன்று தொடாமல் தட்டில் பரப்பி உறையவிட்டு, பிறகு காற்றை வெளியேற்றிக் கவரில் கட்ட வேண்டும். எடுத்ததை உருகவிடாமல் நேராக இட்லிப் பானையில் வைத்து மூடினால், ஆவி இட்லியின் மேல் படிந்து தண்ணீராகும்போது விடும் பெரும் வெப்பம் சில நிமிடங்களில் நடுவரை போய்விடும். 70 டிகிரியைத் தாண்டியதும் இறுகிய இழைகள் மறுபடி அவிழ்கின்றன. சோறு, சப்பாத்தி, பொங்கல் எல்லாவற்றுக்கும் இதே விதி. டொராண்டோவிலும் லண்டனிலும் தமிழ்க் கடைகளின் உறைபெட்டிகளில் பரோட்டாவும் துருவிய தேங்காயும் நறுக்கிய முருங்கைக்காயும் அடுக்கியிருப்பதைப் பார்த்தால், கடல் கடந்த தமிழர்கள் இதை எப்போதோ ஏற்றுக்கொண்டார்கள் என்பது விளங்கும்.

எல்லாம் ஒத்துவராது. மோர்க் குழம்பு திரிந்துவிடும், தயிரின் புரத வலையை ஐஸ் படிகங்கள் அறுத்துவிடுவதால். உருளைக்கிழங்கு தண்ணீரைக் கக்கிவிட்டு நுரைப்பஞ்சு போல மாறும். வெந்த முட்டையின் வெள்ளைக் கரு ரப்பராகும். அரிசி மாவோ சோள மாவோ கரைத்துக் கெட்டியாக்கிய குழம்பு நீர் விட்டுப் பிரியும், கொதிக்கவிட்டுக் கிளறினால் பெரும்பாலும் கூடிவிடும். மரக்காணத்துக் கரையில் கிடைக்கும் மத்தி போன்ற எண்ணெய் மீன்களில் கொழுப்பு மைனஸ் 18-லும் ஆக்சிஜனோடு சேர்ந்து காறலடிக்கும். உப்பு அதை இன்னும் விரைவுபடுத்தும். எனவே மீன் குழம்பை ஒரு மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது. பூண்டும் மிளகும் கிராம்பும் உறைந்திருக்கும் நாட்களில் தூக்கலாகிச் சற்றே கசக்கத் தொடங்கும். இதற்கெல்லாம் நம் சமையலிலேயே ஒரு மருந்து இருக்கிறது. குழம்பை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: வெந்து கூடிய அடிப்பகுதி ஒன்று, கடைசி நிமிடத்தில் சேரும் தாளிப்பு ஒன்று. கறிவேப்பிலை, பெருங்காயம், கொத்தமல்லி, நெய் ஆகியவற்றின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களால் ஆனது; முதலில் போவதும் அதுதான். தாளிக்காமல் சாம்பாரை உறைய வைத்து, சூடாக்கும் அன்று கடுகு வெடிக்கவிட்டுத் தாளித்தால், காணாமல் போயிருக்கக்கூடிய மணம் புதிதாக வந்து சேருகிறது. வேக வைத்த துவரம்பருப்பு, வதக்கி அரைத்த வெங்காயத் தக்காளி மசாலா, அவித்த கொண்டைக்கடலை ஆகியவற்றைத் தனித்தனி டப்பாக்களில் வைத்திருப்பவருக்கு அரை மணி நேரத்தில் மூன்று விதக் குழம்பு கைவரும். முழுச் சாப்பாட்டை உறைய வைப்பதைவிட நம் சமையலுக்கு இதுவே பொருத்தம் என்பது என் எண்ணம்.

சத்து போய்விடுமே என்பார்கள். வைட்டமின் சி போன்றவை போவது பெரும்பாலும் முதல் கொதியில்; உறைநிலையில் இழப்பு மிக மெதுவாகவே நடக்கிறது. மூன்று நாள் தொடர்ந்து சூடாக்கப்படும் சாம்பாரில் ஒவ்வொரு கொதியும் ஓர் இழப்பு. ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று உறைய வைத்தால் ஒரே ஒரு மறுசூடு. மின்கட்டணம் ஏறும் என்பது இன்னொரு தயக்கம். மேலே சொன்ன 450 கிலோஜூலை வெளியேற்ற ஃப்ரிட்ஜ் செலவிடுவது சுமார் பத்தில் ஒரு பங்கு யூனிட்தான். ஒரு வேளைச் சாம்பாரைப் புதிதாக வைக்கும் எரிவாயுவோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையல்ல.

உண்மையான மறுப்பு கரண்ட். இந்த மாவட்டத்துக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்துக்குப் பக்கத்து மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 சென்டிமீட்டர் மழை பெய்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தைத் தொட்டு வெள்ளம் ஓடியதால் ரயில்கள் நின்றன. பல கிராமங்கள் நாட்கணக்கில் இருளில் இருந்தன. நிரம்பிய தனி ஃப்ரீசர் மூடியே இருந்தால் 48 மணி நேரமும் பாதி நிரம்பியது 24 மணி நேரமும் குளிரைக் காக்கும். ஃப்ரிட்ஜோடு சேர்ந்த சிறு அறை அவ்வளவு தாங்காது. புயல் எச்சரிக்கை வந்ததும் காலி இடங்களில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து நிரப்புவது நேரத்தை நீட்டும்: ஒவ்வொரு கிலோ ஐஸும் உருகி முடிய 334 கிலோஜூலைக் கேட்கும். ஒரு பாட்டிலைப் பாதி நிரப்பிப் படுக்கவைத்து உறையவிட்டு, பிறகு நிமிர்த்தி வைத்தால் சாட்சியும் கிடைத்துவிடுகிறது. கரண்ட் வந்த பிறகு பக்கவாட்டில் ஒட்டிய ஐஸ் அப்படியே இருந்தால் உணவு உருகவில்லை. பாட்டிலின் அடியில் சமமாகப் படிந்து மறுபடி உறைந்திருந்தால் இடையில் எல்லாம் உருகியிருக்கிறது. அந்த உணவை யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும். டப்பாவுக்குள் ஐஸ் துகள்கள் இன்னும் நெருநெருவென்று இருந்தால் திரும்ப உறைய வைப்பதில் தவறில்லை. கொஞ்சம் சுவை குறையும், அவ்வளவுதான்.

உருக்கும்போதும் ஓர் இயற்பியல் நுணுக்கம் குறுக்கே வருகிறது. ஐஸ், தண்ணீரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். உறையும்போது வெளியே ஐஸ் உருவாகி உள்வெப்பத்துக்கு வழிவிடுகிறது. உருகும்போது வெளியே தண்ணீர் உருவாகி வெப்பத்தைத் தடுக்கிறது. அதனால் மேடையில் வைத்த டப்பாவின் நடுப்பகுதி கல்லாக இருக்கும்போதே ஓரம் 30 டிகிரியில் கிருமிக்கு விருந்து வைத்துக்கொண்டிருக்கும். முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டுக்கு மாற்றுவது, அல்லது இரண்டு கரண்டித் தண்ணீர் விட்டு மூடி, சிறு தீயில் நேராக அடுப்பில் வைப்பது, இந்த இரண்டு வழிகளே சரி.

அடுத்தவருக்குக் கொடுப்பதில்தான் இந்த முறையின் பெரும்பயன் இருக்கிறது என்று நினைக்கிறேன். பிள்ளை பெற்ற வீட்டுக்கும், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் துணைக்கு இருப்பவர் வீட்டுக்கும் எல்லோரும் முதல் இரண்டு நாள் தூக்குச்சட்டியோடு போகிறோம். மூன்றாம் வாரம், உதவி நிஜமாகத் தேவைப்படும்போது, யாரும் இருப்பதில்லை. உறைந்த பத்து டப்பா அந்த மூன்றாம் வாரத்தையும் எட்டும். வெயிலில் பயணப்படவும் இதுவே பாதுகாப்பு: உச்சி வெயிலில் வெதுவெதுப்பாகப் போகும் குழம்பு கிருமி விரும்பும் சூட்டிலேயே இருக்கிறது, கல்லாக உறைந்த குழம்பு அந்தச் சூட்டை எட்டுவதற்குள் நெடுநேரம் ஆகும். உறைந்த டப்பாக்களை நெருக்கமாக அடுக்கிச் செய்தித்தாளிலும் தடித்த துண்டிலும் சுற்றினால் விழுப்புரத்திலிருந்து சென்னைவரை, 160 கிலோமீட்டர், மூன்று மணி நேரம், நடுப்பகுதி உருகாமல் போய்ச்சேரும். பெறுபவரிடம் ஃப்ரீசரில் இடம் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்வது அவசியம். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்ட வேண்டும்: சமைத்த தேதி, உள்ளே இருப்பது, சேர்க்க வேண்டியது. வேர்க்கடலையோ எள்ளோ முந்திரியோ அரைத்துவிட்டிருந்தால் அதைத் தனியாக எழுத வேண்டும், உறைந்த குழம்பைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. தாளிக்கவில்லை என்பதையும், நடுவில் குமிழி எழும்வரை கொதிக்கவிட வேண்டும் என்பதையும், மிஞ்சினால் திரும்ப உறைய வைக்கக் கூடாது என்பதையும் கீழே ஒரு வரியில் குறித்துவிடலாம்.